விளமீன் வெந்த நேரம்

எலுமிச்சை பிழிந்தால் மீன் வாடை போய்விடும் என்று மக்கள் நம்புகிறார்கள்.

சூரியன் பூமியைச் சுற்றி வருகிறது என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதைத் திருத்தப் பல நூற்றாண்டுகளும் சில அறிஞர்களின் நிம்மதியும் செலவாயின. எலுமிச்சை விஷயத்தைத் திருத்த இதுவரை எவரும் முன்வரவில்லை. ஆகவே அந்தப் பாரத்தை இந்தக் கதை சுமக்க வேண்டியிருக்கிறது.

வாடை மறைந்துவிடுவதில்லை. எதிர்வீட்டுக்குப் போகிறது.

நார்த்தங்காய்க்கும் இதே விதிதான்.

*

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார் தளவாய்.

பெர்பெத் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"விளமீனுக்கு. அடுப்புக்குள்ள வச்சதிலேருந்து வெளிய எடுக்கிற வரைக்கும்."

"வெந்ததும் எடுக்கணும்."

"அது தெரியும். எவ்வளவு நேரத்துல வேகும்?"

"வேகுற வரைக்கும்."

தளவாய் பையிலிருந்து புது நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை என்று எழுதி, அதற்குக் கீழே 'வேகும் வரை' என்று எழுதிக்கொண்டார். இப்படிப் பதில் சொல்லும் குருமார்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். இப்போதுதான் ஒருவரை நேரில் பார்க்கிறார்.

"அம்மா, என்னைச் சீடனா ஏத்துக்கிடணும்."

"அம்மாவா? உங்களுக்கு என்ன வயசு அண்ணாச்சி?"

"அம்பத்தேழு."

"எனக்கு நாப்பத்தொண்ணு."

குரு–சீடன் கதைகளில் குருவுக்கு நரைத்த தாடி இருப்பது வழக்கம். இந்தக் குருவுக்குத் தாடி இல்லை. முழங்கை வரை மைதா மாவு இருந்தது. சீடருக்கு மீசை இருந்தது. அதற்கும் சாயம் பூசியிருந்தார்.

"யக்கான்னு கூப்பிடவா?"

"என்னமும் கூப்பிடுங்க. மொதல்ல கையக் கழுவுங்க."

*

அது துறைமுகம் உள்ள ஊர். பெர்பெத்தின் பேக்கரி ஒரு குறுகலான தெருவில் இருந்தது. உள்ளே செங்கல் அடுப்பு, ஒரு ஆள் படுத்துறங்கும் அளவுக்குப் பெரியது. விடியுமுன்னே விறகு எரித்து, கரியை வாரிவிட்டு, ரொட்டி போடுவார்கள். பத்து மணிக்கு ரொட்டி முடிந்து ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

அடுப்பில் சூடு மிச்சமிருக்கும். அந்த மிச்சச் சூட்டில் பெர்பெத் மீன் வைப்பார்.

தினமும் நான்கு மீன். ஐந்தாவது கிடையாது. இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து வாங்கிப் போவார்கள். ஏழு வருடத்தில் ஒரு மீன்கூடத் தீய்ந்ததில்லை, ஒன்றுகூட முள்ளோரம் பச்சையாக இருந்ததில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

ஏழு வருடம் தவறாத ஒன்றுக்குப் பின்னால் கணக்கு இருக்க வேண்டும் என்று தளவாய் முடிவு செய்தார். எடை, சூடு, நிமிடம். எழுதி வாங்கிவிட்டால் போதும்.

அவருக்குக் கணக்குத் தேவைப்பட்டது. காரணம் அவரைத் தவிர எவருக்கும் தெரியாது.

பக்கத்து ஊரில் ஒரு பெரிய ஓட்டலில் முப்பத்திரண்டு வருடமாகத் தலைமைச் சமையல்காரர் அவர். அவரை எல்லோரும் 'மூக்கு தளவாய்' என்பார்கள். மூக்கு பெரிதாக இருப்பதால் அல்ல. மூடியைத் திறக்காமலே, எட்டடி தள்ளி நின்று, "பட்டை கூடிப்போச்சு" என்று சொல்லுவார். சரியாக இருக்கும்.

ஒன்பது மாதம் முன்பு ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் போனது. போகும்போது வாசனையையும் கொண்டுபோனது.

உப்பு, புளிப்பு, உறைப்பு நாக்குக்குத் தெரிந்தன. மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். வீட்டில் மனைவி சாம்பார் கரண்டியை நீட்டி "எப்படி?" என்று கேட்பாள். "பெருங்காயம் பிரமாதம்" என்பார். "இன்னைக்குப் பெருங்காயம் போடவே இல்லையே" என்பாள் அவள். "அதான் பிரமாதம்" என்று எழுந்து போய்விடுவார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி. அண்டாவின் அடி பிடித்தது. அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றவர் தளவாய். தெருவில் நின்ற கார் டிரைவர்தான் வந்து சொன்னான்.

முதலாளி கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

"வயசாயிட்டுது போல, தளவாய்," என்றார் முதலாளி. "சரி, ஒண்ணு செய்யும். அந்தப் பேக்கரிக்காரம்மா மீன் மாதிரி நம்ம ஓட்டல்ல வேணும். போயிப் படியும். சனிக்கிழமை அங்கயே வாரேன், உம்ம கையால ஒரு மீன் வச்சுக் குடும். சரியா வந்தா கரண்டி உம்மகிட்ட. இல்லன்னா கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுத் தாறேன். ஃபேனுக்குக் கீழ."

ஃபேனுக்குக் கீழ் உட்காருவதைத் தவிர வேறு எதற்கும் தளவாய் பயந்ததில்லை.

*

கை கழுவி வந்தவரிடம் பெர்பெத் ஒரு விளமீனைக் கொடுத்தார்.

"அலசுங்க. தண்ணியில ஒரு மூடி வினிகர் விட்டுக்கிடுங்க. அலமாரியில ரெண்டு பாட்டில் இருக்கு. ஒண்ணு வினிகர். ஒண்ணு கேக்குக்குப் போடுற பன்னீர்."

இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. உள்ளே இருந்ததும் ஒரே மாதிரி, தண்ணீர் போல.

தளவாய் ஒன்றைத் திறந்தார். மூடியில் சுண்டுவிரலைத் தொட்டு, திரும்பி நின்றுகொண்டு, நாக்கில் வைத்தார். இனித்தாற்போல இருந்தது. அதை மூடிவிட்டு மற்றதை எடுத்தார்.

திரும்பியபோது பெர்பெத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் பெர்பெத். "நாளைக்கும் வாங்க."

தளவாய் எழுதிக்கொண்டார்: 'முதல் சோதனையில் தேறினேன். என்ன சோதனை என்று தெரியவில்லை.'

*

புதன்கிழமை தளவாய் ஒரு தராசு, ஒரு நிறுத்தக் கடிகாரம், டாக்டரிடம் இரவல் வாங்கிய ஒரு காய்ச்சல்மானி ஆகியவற்றோடு வந்தார்.

"இது யாருக்கு?" என்று காய்ச்சல்மானியைக் காட்டிக் கேட்டார் பெர்பெத்.

"அடுப்புக்கு."

"நூத்தெட்டுக்கு மேல அதுல கோடே கிடையாதே அண்ணாச்சி."

தளவாய் அதைப் பைக்குள் வைத்துவிட்டார்.

காய்கறி நறுக்கச் சொன்னார் பெர்பெத். பெரிய வெங்காயம் தடித்த வட்டமாக. பூண்டு தோலோடு தட்டி. கேரட், கப்பல்காரர்கள் கேட்டுக் கேட்டு மார்க்கெட்டில் பழகிப்போன செலரித் தண்டு. எல்லாவற்றையும் தட்டில் மெத்தைபோல் பரப்பி, உப்பும் மிளகும் தடவிய மீனை அதன்மேல் படுக்கவைத்தார். நார்த்தங்காயின் மேல்தோலைப் பூப்போலச் சீவி மீனின்மேல் தூவினார். உள்ளே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்து எறிந்துவிட்டு, சுளையை வட்டமாக வெட்டி மீனின் வயிற்றுக்குள் வைத்தார்.

"சாறு பிழிய வேண்டாமா?"

"இப்ப பிழிஞ்சா அடுப்புக்குப் போகுமுன்னமே வெளுத்து இறுகிப்போயிரும். சாப்பிடுறவங்க பிழிஞ்சிக்கிடுவாங்க."

இது தளவாய்க்குத் தெரியாத விஷயமல்ல. இருந்தாலும் எழுதிக்கொண்டார். குரு தெளிவாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

தட்டுகள் உள்ளே போயின. இரும்புக் கதவு மூடியது. தளவாய் கடிகாரத்தை அமுக்கினார்.

பெர்பெத் ஒரு காலிப் பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

அப்படியே இருந்தார். அடுப்பை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திடீரென்று எழுந்தார். கதவைத் திறந்தார். தட்டுகளை இழுத்தார்.

மீன் பாலாடைபோல் வெந்திருந்தது. விரலால் தொட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தது.

முப்பத்தெட்டு நிமிடம்.

தளவாய் எழுதினார்: 'முப்பத்தெட்டு. குரு அடுப்புக்கு முதுகைக் காட்டினார். பொருள்: பலனில் பற்று வைக்காதே. எடுப்பதற்குச் சற்று முன் எதிர் மாடியில் யாரோ டமார் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். தியானத்துக்குப் பெரிய இடைஞ்சல். குருவின் மனம் சிதறவில்லை.'

*

வியாழக்கிழமை அவர் துள்ளலாக வந்தார். முப்பத்தெட்டு கையில் இருந்தது.

அன்று பள்ளிக்கூட விடுமுறை. பன் ஆர்டர் இல்லை. பாதி ரொட்டிதான் போட்டார்கள், பாதி விறகுதான் எரித்தார்கள். இதைப் பெர்பெத் சொல்லவில்லை. தளவாய் கேட்கவில்லை.

மீன் உள்ளே போனது. பெர்பெத் பெட்டியில் அமர்ந்து ஜன்னலைப் பார்த்தார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் தளவாய் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்த சூடெல்லாம் அவர் முகத்தில் ஒரே மூச்சாக வந்து மோதி, பேக்கரி முழுக்கப் பரவி, தெருவுக்குப் போனது.

மீன் வேகவில்லை. கதவை மூடினார். அடுப்பு அதன்பிறகு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. மதியத்துக்குப் பாத்திரத்தோடு வந்த நான்கு பேருக்கும் பெர்பெத் ஆளுக்கொரு பன் கொடுத்து அனுப்பினார்.

ஏழு வருடத்தில் முதல் தடவை.

தளவாய் தலையைக் குனிந்து நின்றார். அடிவிழும் என்று எதிர்பார்த்தார். சில குருமார்கள் கோலால் அடிப்பதாகப் படித்திருந்தார்.

பெர்பெத் உள்ளே போய் இன்னொரு பழப்பெட்டியை எடுத்துவந்தார். தன் பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்தார்.

"நாளைக்கு நீங்க இதுல உக்காருங்க," என்றார். "கடிகாரம் வேண்டாம்."

*

வெள்ளிக்கிழமை இருவரும் அடுப்புக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார்கள். தளவாய் சம்மணம் போட்டு, கைகளை மடியில் வைத்து, கண்களை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஆனது.

"தூங்குதீங்களா அண்ணாச்சி?"

"தியானம் யக்கா."

"கண்ணத் திறங்க. வெளிய பாருங்க."

"வெளியே என்ன இருக்கு?"

"தெரு."

தளவாய் நோட்டில் 'தெரு' என்று எழுதி, அடிக்கோடிட்டார். பிறகு பார்த்தார்.

எதிரே தையற்கடை. தையற்காரர் மீராசா பாய், காலால் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கடைக்கு மேலே மாடி வீடு. அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு அம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அது யாரு?"

"பர்வதவர்த்தினி டீச்சர். கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆயிட்டாங்க. சுத்த சைவம்."

சிறிது நேரத்தில் மீராசா பாயின் கால் நின்றது. தலையைத் தூக்கினார். மறுபடி மிதித்தார். பிறகு இன்னொரு முறை நின்றது. மறுபடி மிதித்தார்.

மாடியில் அந்த அம்மாள் எழுந்தார். முகத்தைச் சுளித்தார். ஜன்னல் கதவுகளை இழுத்தார்.

டமார்.

பெர்பெத் எழுந்தார். அடுப்பைத் திறந்தார். மீன் பாலாடை போல இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் போகும்போது தளவாய் நோட்டைப் புரட்டினார். புதன்: டமார், குரு எழுந்தார். வெள்ளி: டமார், குரு எழுந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார்.

மாடி டீச்சருக்கும் குருவுக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது. கணக்கு டீச்சர் அல்லவா? அந்த அம்மாள்தான் மேலே உட்கார்ந்து நிமிடங்களைக் கணக்கிட்டு, ஜன்னலைச் சாத்தி சைகை கொடுக்கிறார். இவர் எடுக்கிறார்.

எப்படிக் கணக்கிடுகிறார் என்பது வேறு பிரச்சினை. சனிக்கிழமைக்கு டமார் போதும்.

கற்றறிந்தவர்கள் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் இதைவிடப் பெரிய முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள்.

*

சனிக்கிழமை பெர்பெத் நல்ல சேலை கட்டி நின்றார். கையில் பெரிய அட்டைப்பெட்டி.

"ஞானஸ்நான வீட்டுக்குக் கேக் கொண்டுபோகணும். வர ஒரு மணி ஆகும். ஒரு மீன் வச்சிருக்கேன், உங்களுக்கு. மத்த ஆளுகளுக்கெல்லாம் இன்னைக்கு இல்லன்னு சொல்லிட்டேன்."

"நான் தனியாவா?"

"தனியா எங்க? தெரு இருக்கே."

"யக்கா, கடைசியா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

பெர்பெத் வாசலில் நின்று யோசித்தார்.

"கதவத் திறந்து திறந்து பாக்காதீங்க," என்றார். போய்விட்டார்.

தளவாய் மீனை அலசினார். வினிகருக்காக அலமாரிக்குப் போனார். இரண்டு பாட்டிலில் ஒன்றின் கழுத்தில் இப்போது சிவப்பு நூல் கட்டியிருந்தது. பழைய முடிச்சு, அழுக்கேறியது. செவ்வாய்க்கிழமை அது இல்லை. சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். நூல் கட்டியது வினிகர். யோசிக்க நேரமில்லை.

வெங்காயம், பூண்டு, கேரட், செலரி. மீன். நார்த்தை. கைக்கு முப்பத்திரண்டு வருடப் பழக்கம். கை எதையும் மறக்கவில்லை. தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினார். பெட்டியில் அமர்ந்து மாடியைப் பார்த்தார்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

மாடிப்படிக் கதவில் பூட்டும் தொங்கியது.

தளவாய் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"பாய்! மாடி டீச்சர் எங்க?"

"கோயில்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க," என்றார் மீராசா பாய். "திங்கக்கிழமைதான் வருவாங்க. ஏன், டியூஷனா?"

தளவாய் பெட்டியில் மெதுவாக உட்கார்ந்தார்.

அப்போது தெருவில் ஒரு கார் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பேக்கரிக்குள் எட்டிப் பார்த்தார். மாவையும் வெக்கையையும் பார்த்தார்.

"நான் எதிர்க்கடையில உக்காருதேன், தளவாய். நீரு உம்ம வேலையப் பாரும்."

தையற்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

*

எவ்வளவு நேரம் ஆனது என்று தளவாய்க்குத் தெரியவில்லை. கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

அடுப்புக் கதவைப் பார்த்தார். திறந்தால் சூடு போய்விடும். திறக்காவிட்டால் தீய்ந்துவிடும்.

தெருவைப் பார்த்தார்.

மீராசா பாயின் கால் நின்றது. தலையைத் தூக்கினார். அவருடைய மூக்கு லேசாக அசைந்தது. மறுபடி மிதித்தார்.

உலகத்தில் வேறு யார் பார்த்திருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பார்த்தவர் மூக்கு தளவாய். ஒரு மூக்கு எதையோ பிடித்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் அவர் மூக்கு அசைந்தது அப்படித்தான்.

மேலே பார்த்தார். பேக்கரியின் புகைபோக்கி, தெருவின்மேல் சாய்ந்து, நேராக டீச்சர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுத்த சைவம்.

டீச்சர் எதையும் கணக்கிடவில்லை. மீன் வாடை தாங்காமல் சாத்தியிருக்கிறார்.

தளவாய்க்கு உடம்பு சிலிர்த்தது. உடனே அடங்கியும் போனது. புரிந்து என்ன பயன்? சாத்துவதற்கு ஆள் இல்லை. எதிரே ஒரு மூக்கு இருக்கிறது, அது அசைகிறது. அதற்குள் போனது வெங்காயமா, நார்த்தையா, மீனா என்று இங்கிருந்து எப்படித் தெரியும்?

கேட்டால் தெரியும்.

கேட்பதென்றால் தெருவைக் கடக்க வேண்டும். ஒன்பது மாதமாக மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொல்ல வேண்டும். முதலாளி இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவர் படிப்பது செய்தித்தாள், காதை மூடிக்கொள்ளவில்லை.

கேட்காவிட்டால் மீன் போகும். கேட்டால் மூக்கு போகும்.

மீராசா பாயின் கால் இன்னொரு முறை நின்றது.

தளவாய் எழுந்தார். தெருவைக் கடந்தார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். தையற்கடை வாசலில் நின்றார்.

"பாய்."

"சொல்லுங்க."

"இப்ப என்ன வாசனை வருது?"

மீராசா பாய் ஊசியை உயர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சில் செய்தித்தாள் தாழ்ந்தது.

"எனக்குத் தெரியாது," என்றார் தளவாய். "எனக்கு மூக்கு செத்துப்போச்சு பாய். ஒம்பது மாசமாச்சு. ஒண்ணும் தெரியல. நீங்க சொன்னாத்தான் உண்டு."

மீராசா பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களுமா?" என்றார்.

தளவாய் திரும்பிப் பேக்கரியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்த இரண்டு பழப்பெட்டிகளைப் பார்த்தார். அலமாரியில் சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை இங்கிருந்தே பார்த்தார்.

"மொத ஆறு மாசம் அந்தப் பேக்கரிப் பிள்ளையும் தெனம் இப்படி வந்து நின்னு கேக்கும்," என்றார் மீராசா பாய். "அப்புறம் டீச்சர் குடிவந்தாங்க. நமக்கு வேலை மிச்சம்."

"சரி பாய், இப்ப என்ன வருது?"

"அவசரப்படாதீங்க. வெங்காயம் வந்தா எனக்கு டீ குடிக்கத் தோணும். அது வந்து போயாச்சு. நார்த்தை வந்தா தலைவலி விடும்." நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "விட்டுருச்சு."

"மீன்?"

"மீன் வந்தா பசிக்கும்."

"பசிக்குதா?"

மீராசா பாய் வயிற்றை விசாரித்தார்.

"இன்னும் இல்ல. காலையில வீட்டுல பரோட்டா. கொஞ்சம் கூடிப்போச்சு."

தளவாய்க்கு நெற்றியில் வேர்த்தது. முதலாளி செய்தித்தாளை நான்காக மடித்தார். பெஞ்சின்மேல் வைத்தார். எழுந்து தெருவின் நடுவில் போய் நின்று, முகத்தைத் தூக்கி, கண்களை மூடிக்கொண்டார். வெள்ளை வேட்டி காற்றில் ஆடியது.

நெடுநேரம் அப்படியே நின்றார். அல்லது அரை நிமிடம்.

"தளவாய்," என்றார் முதலாளி.

"மொதலாளி."

"எனக்குப் பசிக்குது."

தளவாய் ஓடினார்.

*

பெர்பெத் திரும்பி வந்தபோது மூன்று பேர் ரொட்டி மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தட்டில் நீளமாக ஒரு முள் மட்டும் கிடந்தது. மீராசா பாய் செலரியையும் விடாமல் வழித்துத் தின்றுகொண்டிருந்தார். முதலாளியின் வெள்ளைச் சட்டையில் மாவு.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் பெர்பெத்.

"ஃபேன் நாற்காலிய வித்துரலாம்னு இருக்கேன்," என்றார் முதலாளி. கை கழுவப் போனார்.

தளவாய் பெர்பெத்தைத் தனியே கூப்பிட்டார். நோட்டுப் புத்தகம் கையில் இருந்தது. கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

"யக்கா, உங்களுக்கு எத்தனை வருஷமாச்சு?"

"ஏழு."

"பாட்டில் மூடியைத் தொட்டு நாக்குல வச்சப்பவே எனக்கும் அப்படித்தான்னு தெரிஞ்சிட்டுது உங்களுக்கு."

"மூக்கு உள்ளவன் எவன் வினிகர் எதுன்னு நக்கிப் பாப்பான்?"

"அப்போ செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே. அஞ்சு நாளா என்னைச் சுத்த விட்டீங்களே. உங்களுக்கும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

பெர்பெத் கேக் பெட்டியின் கயிற்றைச் சுருட்டினார்.

"நீங்க சொன்னீங்களா?" என்றார்.

*

அடுத்த மாதம் பக்கத்து ஊர் ஓட்டலில் சமையலறைச் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பூட்டு ரிப்பேர் கடை. பகல் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் என் மூக்கையே உற்றுப் பார்க்கிறார் என்று பூட்டுக்கடைக்காரர் தெருவில் நாலு பேரிடம் சொன்னார். அவர்கள் நம்பவில்லை.

போன வியாழக்கிழமை பூட்டுக்கடைக்காரர் முக்காலியைத் திருப்பிப் போட்டு, ஓட்டலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அன்று மதியம் ஓட்டலில் மீன் இல்லை.